வெளிறிய மை

சோப்பு கரைந்துவிடும். அதனால்தான் சோப்பு.

நோயிலிருந்து எழுந்தவர், ஆஸ்பத்திரிக்கு வந்து தன்னைப் பார்த்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் பரிசு, பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகிற பொருளாக இருக்க வேண்டும். அதோடு நோயும் தீரட்டும் என்று அர்த்தம். சர்க்கரை கொடுக்கலாம், தேயிலை கொடுக்கலாம். துண்டோ கோப்பையோ கூடாது. அவை வீட்டிலேயே தங்கிவிடும்.

இதெல்லாம் கினுயேவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தகாவோகா கடைவீதியின் பெரிய கடையில், மூன்றாம் மாடிப் பரிசுப் பிரிவில் இருபத்திரண்டு வருடங்களாக நிற்கிறாள். எந்த மூலைக்கடையிலும் கிடைக்கிற சோப்பை அவளிடம் கொடுத்தால் போதும். மூலை பிசகாமல் காகிதம் மடித்து, மேலே முடிச்சுப் படம் அச்சிட்ட வெள்ளை நோஷித் தாளைச் சுற்றி, தூரிகையால் இரண்டு சொல் எழுதித் தருவாள். வாங்கியவர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியிறங்குவார். உள்ளே இருப்பது சோப்புதான் என்பது அவருக்கே மறந்துபோகும்.

அந்த இரண்டு சொல்லைத்தான் இன்று காலை அவளால் எழுத முடியவில்லை.

மணி ஆறு. ஜன்னலுக்கு வெளியே ஜனவரிப் பனி இருட்டிலும் விழுந்துகொண்டிருந்தது. குட்டை மேஜையின் மேல் தாள்கள். பக்கத்தில் சோப்புப் பெட்டிகள். கணவர் தெய்சோவை ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தவர்கள் முப்பத்தொரு வீடு.

டிசம்பரில் அவர் வயிற்றைத் திறந்த டாக்டர் ஒன்றையும் எடுக்காமல் மூடிவிட்டார். தாழ்வாரத்தின் கோடிக்குக் கூட்டிப்போய்க் கினுயேவிடம் மட்டும் சொன்னார். ஏப்ரலில் செர்ரி பூக்கும்வரை இருந்தால் பெரிது. நோயாளியிடம் சொன்னது வேறு: புண் இருந்தது, எடுத்தாயிற்று. மகள் சயோகோவுக்கும் அந்த இரண்டாவது கதைதான். சொன்னவள் கினுயே.

ஏப்ரல் இருபதாம் தேதி சயோகோவுக்குக் கல்யாணம். உண்மை காதில் விழுந்த நிமிஷமே தள்ளிவைத்துவிடுகிற பெண் அவள். தெய்சோவுக்கோ, ட்ராம் ஓட்டுநர் உடையைக் கழற்றி மாட்டிய பிறகு, அந்த ஒரு நாளைப் பார்ப்பதைத் தவிர வேறு ஆசை கிடையாது. ஆகவே இன்னும் பன்னிரண்டு வாரம், அப்பாவுக்கும் தெரியக்கூடாது, மகளுக்கும் தெரியக்கூடாது. வீட்டில் இருப்பது மூன்றே பேர். அதில் இரண்டு பேரிடம் மறைத்துக்கொண்டு ஒருத்தி சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள்.

தாளில் எழுத இரண்டு வாசகம் உண்டு. முழுக்கத் தேறியவர் வீட்டிலிருந்து போவது ‘பூரண குணம்’. தேறாமல் வீடு திரும்பியவர் வீட்டிலிருந்து போவது ‘வந்து பார்த்ததற்கு நன்றி’. ஊரில் யாருக்கும் இதை விளக்க வேண்டாம். தாளைப் பார்த்ததும் தெரிந்துகொள்வார்கள், அடுத்த முறை வாசலில் வந்து என்ன பேச வேண்டும் என்று.

இரண்டாவதை எழுதலாமா என்று நேற்று அவள் மெல்லக் கேட்டுப் பார்த்தாள். தெய்சோ சிரித்தார்.

“அப்படி எழுதினா பாதி பிழைச்சவன்னு அர்த்தம். நான் என்ன பாதி ஆளா? முழுசா எழுது. உன் கையால எழுது.”

எழுதினாள். பூரண குணம். கீழே, நோஜிரி தெய்சோ. அடுத்த தாள். பூரண குணம். நோஜிரி தெய்சோ. எழுதியதை ஒருமுறைகூடத் திரும்பப் பார்க்கவில்லை. பார்த்தால் கை நின்றுவிடும். ஈரம் காயும் முன் ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்து அறை இருட்டில் பாயின் மேல் பரப்பினாள். முப்பத்தொன்று முடிந்தபோது விரல்கள் விறைத்திருந்தன.

எட்டரைக்குக் கிளம்பும்போது தெய்சோ அடுப்பருகே கஞ்சியைக் கிண்டிக்கொண்டு இருந்தார். கிண்டினார், சாப்பிடவில்லை. தாளெல்லாம் உள்ளே காய்கிறது, சுற்றுவது எப்படி என்று நேற்றே காட்டியிருக்கிறேன் என்றாள். சயோகோ வங்கியில் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பதினோரு மணிக்குக் கார் கொண்டுவருவாள், இரண்டு பேருமாக வீடு வீடாகப் போவதாக ஏற்பாடு. முதல் வீடு மாப்பிள்ளை வீடு, இனாகி வீடு.

“சால்வை போட்டுக்குங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பகல் இரண்டு மணி இருக்கும். மூன்றாம் மாடிக்கு ஒரு வயதானவர் வந்தார். தொப்பியில் பனி. பள்ளிக்கூடத் தோழர் ஒருவர் இறந்துவிட்டாராம், துக்க வீட்டுக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் உறையில் தன் பெயரை எழுதித் தர வேண்டுமாம். கை நடுங்குகிறது, நானே எழுதினால் செத்தவன் எழுந்து சிரிப்பான் என்றார்.

கினுயே மேஜை இழுப்பறையைத் திறந்தாள். அதில் எப்போதும் இரண்டு மைப் புட்டிகள். வலது பக்கம் கறுப்பு, நல்ல காரியங்களுக்கு. இடது பக்கம் வெளிறிய மை, சாவுக்கு மட்டும். கண்ணீர் விழுந்து மை நீர்த்துவிட்டது என்று அதற்குப் பொருள். சாவுக்குக் கறுப்பில் எழுதினால், எப்போது சாவான் என்று முன்பே மை அரைத்து வைத்துக் காத்திருந்ததாக ஆகிவிடும்.

இழுப்பறையில் ஒரே ஒரு புட்டி இருந்தது. வீட்டில் எழுதுவதற்கென்று நேற்று மாலை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனது நினைவிருந்தது. அப்படியானால் இருப்பது வெளிறியது. தூரிகையை அதில் தொட்டாள். முதல் கோட்டை இழுத்தாள்.

கோடு கன்னங்கரேலென்று விழுந்தது.

“அம்மா,” என்றார் பெரியவர், ஏதோ தன் தவறுபோலக் குரலைத் தாழ்த்தி. “இது கறுப்பா இருக்கே.”

கினுயே அந்தக் கோட்டைப் பார்த்தாள். கறுப்பு இங்கே இருக்கிறது. அப்படியென்றால் அங்கே இருப்பது?

இடது பக்கம். நேற்று மாலை அவள் கை இடது பக்கம் போயிருக்கிறது.

முப்பத்தொரு தாள். முப்பத்தொன்றிலும் அவர் பெயர். பாயின் மேல், அவர் கண் முன்னால், சாவு மையில்.

பெரியவரிடம் இடுப்பு வளைய மன்னிப்புக் கேட்டாள். புது உறை எடுத்து, உதவிக்கு நிற்கும் எமியிடம் வேறு பிரிவிலிருந்து வெளிறிய மை வாங்கிவந்து எழுதித் தரச் சொன்னாள். கடைத் தொலைபேசியில் வீட்டு எண்ணைச் சுழற்றினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை. கிளம்பிவிட்டார்கள்.

எந்த வீட்டு வாசலில் இருப்பார்கள் இந்நேரம்? இனாகி வீட்டு அம்மாள் தாளைப் பார்த்ததும் என்ன நினைப்பாள்? சாவு மையில் பூரண குணம். மறைத்து வைத்ததை ஊர் முழுக்க எழுத்தில் கொடுத்தனுப்பியாகிவிட்டதே.

“அக்கா, உட்காருங்க. முகமே சரியில்லையே,” என்றாள் எமி. கினுயே ஏற்கெனவே மேல்கோட்டின் ஒரு கையை மாட்டியிருந்தாள்.

வீட்டுப் பக்கம் போகிற ட்ராம் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடுவது. எதிர் வண்டி விலகுகிற இடத்தில் மூன்று நிமிஷமாவது நின்றுதான் போகும். அன்று ஓட்டியது தகெபே. இருபது வருடத்துக்கு முன் தெய்சோவிடம் பிரேக் பிடிக்கக் கற்றவர். வண்டி நின்றதும் திரும்பிப் பார்த்து, தொப்பியைத் தொட்டார்.

மதியம் அண்ணன் பணிமனைக்கே வந்துவிட்டாராம். மகள் காரில் உட்கார்ந்திருக்க, இவர் தனியாக உள்ளே வந்து ஒவ்வொருவருக்கும் குனிந்து குனிந்து பெட்டி கொடுத்தாராம். வெள்ளிக்கிழமை உன் வண்டியில் ஏறி, இன்னும் பிரேக்கைப் போட்டு இழுக்கிறாயா என்று பார்க்கப்போகிறேன் என மிரட்டினாராம்.

“பெட்டி உங்ககிட்ட இருக்கா?” கினுயேவின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

இருந்தது. இருக்கைக்குப் பின்னால், சாப்பாட்டுப் பையின் மேல். தகெபே எடுத்து நீட்டினார்.

“அண்ணி, தப்பா நினைக்காதீங்க. பரிசுப் பிரிவுல நீங்க இருக்கீங்க. அவரு எதுக்கு எழுதினாரு? கோழி கிளறின மாதிரி இருக்கு. பணிமனையே சிரிச்சுது. அவரும் சேர்ந்துதான் சிரிச்சாரு.”

கினுயே தாளைப் பார்த்தாள்.

அவள் எழுத்து இல்லை. வளைந்து, ஒருபக்கம் சரிந்து, ஒரு கோட்டின் முடிவில் மை குளமாகத் தேங்கி, பூரண குணம். தாள் கோணலாகச் சுற்றப்பட்டு, பின்புறம் பசை நாடா இரண்டு இடத்தில். மை மட்டும் கறுப்பு. எவ்வளவு கறுப்பாக முடியுமோ அவ்வளவு கறுப்பு.

எதிர் வண்டி கடந்து போனது. தகெபே திரும்பிக்கொண்டு கைப்பிடியைத் தள்ளினார். அண்ணி ஏன் பதில் சொல்லவில்லை என்று அவர் யோசித்திருக்கக்கூடும்.

அவள் யோசித்தது இதை. காலை எட்டரைக்கும் பதினோரு மணிக்கும் நடுவில், தெய்சோ அந்த அறைக் கதவைத் தள்ளியிருக்கிறார். பாய் முழுக்கத் தன் பெயரைப் பார்த்திருக்கிறார். பிறகு பனியில் நடந்துபோய் கறுப்பு மையும் புதுத் தாளும் வாங்கிவந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதியிருக்கிறார். காலை ஊன்றி உட்காரவே அவருக்கு வலிக்கும். முப்பத்தொரு தடவை.

வீட்டு வாசலில் கார் நின்றது. மேலே மெல்லிய பனி படிந்திருந்தது, வந்து அதிக நேரமாகவில்லை. மாடியில் சயோகோ நடக்கும் சத்தம். சமையலறையில் தெய்சோ மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் மண்ணெண்ணெய் அடுப்பருகே உட்கார்ந்திருந்தார். வலது கை சுட்டுவிரலில் மை.

அவரேதான் பேச்சைத் தொடங்கினார். இனாகி வீட்டில் சம்பந்தி அம்மாள் பனியில் தெருவரைக்கும் வந்து வழியனுப்பினார்களாம். ஏப்ரலுக்கு மண்டபம் உறுதியாகிவிட்டதாம். குனியும்போது தையல் இழுத்தது, ஆனாலும் நன்றாகவே குனிந்தேன் என்றார். ஏன் நீங்களே எழுதினீங்க என்று சயோகோ கேட்டதற்கு, உன் அம்மா எழுத்து ரொம்ப அழகு, கடையில் வாங்கியது மாதிரி இருக்கும், என் நன்றி என் கையெழுத்தில்தான் போகணும் என்று சொல்லிச் சமாளித்தாராம்.

கினுயே கதவருகே நின்றபடி, கடைப் புட்டி மாறிவிட்டது, இழுப்பறையில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், நேற்று அவசரத்தில், என்று ஆரம்பித்தாள்.

“மாறலை,” என்றார் தெய்சோ.

அவள் நிறுத்தினாள்.

“இருபத்திரண்டு வருஷத்துல உன் கை ஒரு தடவைகூட மாறினதில்லை. நீ சொல்லித்தானே எனக்குத் தெரியும்.” அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. தண்டவாளத்தில் ஏதோ கிடப்பதை முன்பே பார்த்துவிட்ட ஓட்டுநரின் நிதானம். “பார்த்ததும் உட்கார்ந்துட்டேன். பயத்துல இல்ல. உன்னை நினைச்சு. டிசம்பர்லேருந்து தனியாவா வச்சுட்டிருந்தே?”

பதில் சொல்லக் கினுயே வாயைத் திறந்தால் வேறு சத்தம் வந்துவிடும். மாடியில் பெண் இருக்கிறாள்.

“ஏப்ரல் தாண்டுமா?”

“தாண்டும்ங்க.”

“பொய் சொன்னா உனக்குக் குரல் மேல போகும்.” தெய்சோ அடுப்பின் திரியைச் சற்றுக் குறைத்தார். “போகட்டும். இருபதாம் தேதி வரைக்கும் நான் குணமானவன். ஊர் பூரா எழுதிக் கொடுத்தாச்சு, இனி நினைச்சாலும் திரும்ப வாங்க முடியாது. சயோகோ மட்டும் தெரிஞ்சுக்கக் கூடாது. அதை இனிமே ரெண்டு பேரா பார்த்துக்குவோம்.”

ரெண்டு பேரா. டிசம்பருக்குப் பிறகு முதல்முறையாகக் கினுயேவின் தோள் இறங்கியது. அது நிம்மதிபோல இருந்தது. நிம்மதிக்குள் இவ்வளவு வலி இருக்குமென்று அவளுக்குத் தெரியாது. கணவருக்குத் தெரியாமல் இருந்தவரை, அவர் மனதிலாவது அவர் சாகாமல் இருந்தார்.

தெய்சோ மேல்கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். கைக்குப் பழகாத வேலைபோல, இரண்டு கையாலும் பிடித்து, அவள் பக்கம் திருப்பி வைத்து, மேஜை மேல் நகர்த்தினார்.

தாள் கிழிந்தால், அழுக்குப் பட்டால் உதவட்டுமென்று எல்லாப் பரிசு வேலைக்கும் ஒன்று கூடுதலாக வாங்குவது கினுயேவின் வழக்கம். அந்தக் கூடுதல் சோப்பு. மேலே அதே தாள், அவிழாத முடிச்சு அச்சிட்ட தாள். நோய் திரும்பி வரக்கூடாது என்கிற இடத்தில் போடும் முடிச்சு. ஆனால் எழுதியிருந்தது வேறு.

‘நலம் விசாரித்து.’ கீழே, நோஜிரி தெய்சோ.

ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் நோயாளியின் படுக்கையருகே வைக்கும் வாசகம் அது.

“எனக்கு உடம்பு சரியில்லைன்னதும் முப்பத்தொரு வீட்டுலேருந்து வந்து பார்த்தாங்க,” என்றார். “உன்னை ஒருத்தரும் வந்து பார்க்கலையே.”

கினுயே பெட்டியை எடுத்தாள். பழக்கம், இரண்டு கையாலும். எடை இல்லாத பொருள். மூன்றாம் மாடியில் அவள் கையால் போன பரிசுகள் எத்தனை ஆயிரமோ. ஒன்றுகூட இப்படிக் கோணலாகப் போயிருக்காது. ‘விசாரித்து’ என்பதில் ஒரு கோடு குறைந்திருந்தது. கடைப் பெண் யாராவது எழுதியிருந்தால் திருப்பி எழுதச் சொல்லியிருப்பாள். அந்தக் குறைந்த கோட்டை விரலால் தொட்டாள். அதற்கு மேல் அடக்க முடியவில்லை. முகத்தைப் பெட்டியோடு அழுத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. தெய்சோ எழுந்து வரவில்லை. எழுந்தால் தையல் இழுக்கும், அவள் பார்ப்பாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி அவள் கம்பளிச் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

படிக்கட்டில் இறங்கிவரும் சத்தம் இருவருக்கும் கேட்கவில்லை.

“தேநீர் போடட்டுமா,” என்று கேட்டபடி வந்த சயோகோ வாசலிலேயே நின்றாள். அப்பாவின் கை. அம்மாவின் முதுகு. கினுயே அவசரமாகத் திரும்பிப் பெட்டியைக் கீழே வைத்தாள். எழுத்து மேலே இருக்கும்படி வைத்துவிட்டாள். வேறு விதமாக வைக்க அந்தக் கைக்குத் தெரியாது.

சயோகோ படித்தாள். அன்று முழுக்க அப்பாவோடு வீடு வீடாகப் போய் ‘பூரண குணம்’ கொடுத்தவள். இது அது இல்லை என்று தெரிய அவளுக்கு ஒரு நொடி போதும். கொடுத்தவர் பெயர் கீழே இருக்கிறது. வாங்கியவர் முகம் நனைந்து நிற்கிறது.

“அம்மா,” என்றாள் மெதுவாக. “உனக்கு என்ன உடம்பு?”

தெய்சோ வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்வார் என்று கினுயேவுக்குத் தெரியாது. இன்றைக்கு அவர் நிறையப் பொய் சொல்லிக் களைத்திருந்தார். ஆகவே அவள் முந்திக்கொண்டாள்.

“கொஞ்ச நாளாவே எனக்கு முடியலைடி. அப்பா இப்பதான் கேட்டாரு. ஒண்ணும் பெரிசா இல்ல.”

குரல் மேலே போயிருந்தது. அது சயோகோவுக்கும் தெரியும்.

“எத்தனை நாளா? டாக்டர் என்ன சொன்னாரு? டிசம்பர்ல ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துல அவர் உன்னைத் தனியா கூட்டிட்டுப் போனாரே, அது இதுக்கா?”

யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தைச் சயோகோ தனக்குத் தெரிந்த விதத்தில் படித்துக்கொண்டாள். அவள் முகம் வெளுத்தது. பிறகு, கினுயே இத்தனை நாள் எதற்குப் பயந்தாளோ அந்த உறுதி அதில் வந்து உட்கார்ந்தது.

“அம்மாவை இப்படி வச்சுக்கிட்டு நான் கல்யாணம் பண்ணிக்கிறதா? அவங்க வீட்டுல நானே சொல்லிடறேன்.”

அவள் கூடத்துக்குப் போனாள். தெய்சோ வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மேஜையை ஊன்றி எழ முயன்றார். முதல் முறை எழ முடியவில்லை.

கூடத்தில் டயல் ஒருமுறை சுற்றி, மெல்லத் திரும்பியது. இரண்டாவது எண். மூன்றாவது.